எபிரேயத் தீர்க்கதரிசிகள் குறி சொன்னவர்களா?

பழைய ஏற்பாட்டின் தீர்க்கதரிசிகள் வருங்காலத்தைக் கணித்தவர்களா அல்லது அரசரை எதிர்த்த போராளிகளா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்களைப் பற்றி வேதாகமத்துக்கு வெளியே சான்று உண்டா, அரசர்கள் அவர்களை ஏன் உயிரோடு விட்டுவைத்தார்கள் என்ற இரண்டு துணைக் கேள்விகளும் கூடவே இருக்கின்றன. இரண்டு முறை படித்த பிறகு, உங்கள் சந்தேகத்தின் வேர் சற்று ஆழத்தில் இருப்பதாகப் பட்டது. ஒருவர் கூட்டத்தின் நடுவே நின்று 'கர்த்தர் சொல்லுகிறார்' என்றபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எதை வைத்து அவரை நம்பினார்கள் அல்லது தள்ளினார்கள், அன்று தள்ளப்பட்ட பேச்சு பின்னால் எப்படி வேதமானது என்பதுதான் நீங்கள் கேட்பது. நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எபிரேயமும் பழைய ஏற்பாடும் கற்பித்து வருகிறேன். அகழாய்வு என் துறை அல்ல, பண்டைய மெசொப்பொத்தேமியாவின் அக்காடிய மொழி ஆவணங்களை மொழிபெயர்ப்பின் வழியாகவே படித்திருக்கிறேன். அந்த எல்லைக்குள் நின்று, உறுதியானதையும் ஊகத்தையும் ஒன்றாகக் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

குழப்பத்தில் பாதி நம் மொழிபெயர்ப்பிலிருந்து வருகிறது. புராட்டஸ்டண்டு சபைகளில் வழங்கும் பழைய தமிழ் வேதாகமத்தின் 'தீர்க்கதரிசி' என்ற சொல்லுக்கு நெடுந்தொலைவு பார்ப்பவர் என்று பொருள். அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு, நாளை நடப்பதை இன்றே அறிந்தவர் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. 1995ல் வெளியான திருவிவிலியம் 'இறைவாக்கினர்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டதால் கவனம் கண்ணிலிருந்து வாய்க்கு நகர்ந்தது. எபிரேயச் சொல் 'நாவி'. 'அழை' என்று பொருள்படும் அக்காடிய வினையோடு அதற்கு உறவு உண்டு என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அழைக்கப்பட்டவரா, கூவி அழைப்பவரா என்பது மட்டும் தீராத வழக்கு. எப்படிப் பார்த்தாலும் தொலைநோக்கு அந்த வேரில் இல்லை. பார்வையைக் குறிக்க 'ரோஏ', 'ஹோசே' என்று வேறு இரண்டு சொற்கள் உண்டு. 1 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தில், கதையின் நடுவே, இன்று நாவி எனப்படுகிறவர் முன்பு ரோஏ எனப்பட்டார் என்று ஒரு விளக்கம் செருகப்பட்டிருக்கிறது. பழைய தமிழ் வேதாகமம் அங்கே 'ஞானதிருஷ்டிக்காரன்' என்கிறது. அந்தக் குறிப்பை எழுதியவர் காலத்திலேயே சொல்லும் தொழிலும் மாறிவிட்டிருந்தன.

அந்த அதிகாரத்தின் கதையே உங்கள் முதல் கேள்விக்கு ஒரு பதில். தகப்பனுடைய கழுதைகள் காணாமற்போய், சவுல் அவற்றைத் தேடி ஊர் ஊராக அலைகிறான். இந்த ஊரில் ஒரு தேவமனிதர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கலாம் என்று உடன்வந்த வேலைக்காரன் சொல்ல, கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லையே என்று சவுல் தயங்குகிறான். வேலைக்காரன் தன்னிடம் கால் சேக்கல் வெள்ளி இருக்கிறது என்கிறான். இன்றைய எடையில் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. பிற்பாடு வட இஸ்ரவேலின் முதல் அரசன் யெரொபெயாமின் மனைவி, நோயுற்ற பிள்ளை பிழைப்பானா என்று அகியா என்ற தீர்க்கதரிசியிடம் கேட்கப் போகும்போது பத்து அப்பங்களும் பணியாரங்களும் ஒரு கலசம் தேனும் எடுத்துப் போகிறாள். ஆகவே குறி கேட்பதும் அதற்குக் காணிக்கை வைப்பதும் இருந்தன. அப்படி ஒன்றும் இல்லை என்று மறைப்பவர்கள் பிரதியைச் சரியாகப் படிக்காதவர்கள். ஆனால் அதே நாவி என்ற சொல்லின் கீழ், சுரமண்டலமும் மேளமும் முழங்க ஆவேசம் கொண்டு வரும் கூட்டமும், தாவீதின் அரண்மனையில் இருந்த நாத்தானும், யோசியா அரசனின் அதிகாரிகள் சட்டச் சுருளை எடுத்துக்கொண்டு ஆலோசனை கேட்கப் போன உல்தாள் என்ற பெண்ணும் வருகிறார்கள். ஒரே பெயரில் பல தொழில்கள் நடந்தன என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

இஸ்ரவேலுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல இது. யூப்ரடீஸ் நதிக்கரையில், இன்றைய சிரியாவில் உள்ள மாரி நகரின் அரண்மனையில் கிடைத்த கி.மு. 18ஆம் நூற்றாண்டு மடல்களில், தெய்வத்தின் பெயரால் பேசிய ஆண்களையும் பெண்களையும் பற்றி அதிகாரிகள் சிம்ரிலிம் அரசனுக்கு எழுதுகிறார்கள். அந்த மடல்களில் எனக்கு மிகவும் பிடித்த விவரம், பேசியவருடைய தலைமயிரில் ஒரு கற்றையையும் ஆடையின் ஓரத்துத் துணியையும் மடலோடு சேர்த்து அனுப்பும் பழக்கம். ஆட்டின் ஈரலைப் பார்த்துச் சகுனம் சொல்லும் நிபுணர்கள், அந்த மயிரையும் துணியையும் வைத்து, அவர் சொன்னதை நம்பலாமா என்று சோதிப்பார்கள். ஏழாம் நூற்றாண்டு நினிவேயிலோ, அர்பேலா நகரத்து இஷ்டார் தேவதையின் பெயரால் பெரும்பாலும் பெண்கள் பேசிய வாக்குகள் களிமண் பலகைகளில் தொகுத்து வைக்கப்பட்டிருந்தன. அசீரிய அரசன் எசரத்தோனுக்குச் சொல்லப்பட்ட 'அஞ்சாதே' என்ற தொடக்கத்தை ஏசாயாவின் பிற்பகுதியைப் படித்தவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். அரசனுக்குத் தெய்வ வாக்கு சொல்வது அந்தப் பகுதி முழுவதும் அறியப்பட்ட வேலை. அந்த வேலையிலிருந்து விலகி, அரசனும் நாடும் அழிவார்கள் என்று சொன்னவர்களின் பேச்சு ஒரு நூல்தொகுதியாகத் தங்கியது எபிரேயத்தில்தான்.

வெளிச்சான்று என்ன இருக்கிறது என்றால், அரசர்களுக்கு நிறைய, தீர்க்கதரிசிகளுக்கு மிகக் குறைவு. ஆகாப் அரசன் கி.மு. 853ல் கர்கார் போரில் பங்கேற்றதை அசீரியக் கல்வெட்டு சொல்கிறது. யூதாவின் அரசன் எசேக்கியா 'கூண்டுப் பறவை போல்' எருசலேமில் அடைபட்டதாக, 701ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றி அசீரிய அரசன் சனகெரிப் எழுதி வைத்திருக்கிறான். ஆகாபை எதிர்த்த எலியாவைப் பற்றியோ, எசேக்கியாவுக்கு ஆலோசனை சொன்ன ஏசாயாவைப் பற்றியோ அப்படி ஒரு வரி கிடைக்கவில்லை. யோர்தான் பள்ளத்தாக்கின் தேர் அல்லாவில் 1967ல் கிடைத்த சுவரெழுத்து, 'தேவர்களின் ஞானதிருஷ்டிக்காரன்' என்று பேயோரின் மகன் பிலேயாமைக் குறிப்பிடுகிறது; கழுதை பேசிய கதையில் வருகிறானே, அதே பெயர். ஆனால் அவன் இஸ்ரவேலன் அல்லன், சுவரெழுத்தும் கதை நிகழும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. லாகீஸ் கோட்டையில் 1935ல் கிடைத்த ஓட்டுச்சில்லு மடல்களில் ஒன்று, 'எச்சரிக்கையாய் இரு' என்று தீர்க்கதரிசியிடமிருந்து வந்த ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசுகிறது. கி.மு. 586ல் எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்வதற்குச் சற்று முந்திய மடல் அது. தீர்க்கதரிசி யார் என்று பெயர் இல்லை. அந்நாளில் எருசலேமில் பேசிய எரேமியாதான் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஆசைக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

எட்டாம் நூற்றாண்டின் ஆமோஸிடம் வரும்போது தொழில் என்ற கேள்வியே வெளிப்படையாக விவாதத்துக்கு வருகிறது. வட நாடான இஸ்ரவேலின் அரச ஆலயமான பெத்தேலில், தென்னாடான யூதாவின் தெக்கோவாவிலிருந்து வந்த ஆமோஸ், அரசன் இரண்டாம் யெரொபெயாமின் வம்சம் பட்டயத்தால் அழியும் என்கிறார். ஆசாரியன் அமத்சியா அவரைக் கொல்லவில்லை; யூதா தேசத்துக்கு ஓடிப்போ, அங்கே தீர்க்கதரிசனம் சொல்லி அப்பம் தின்னு என்கிறான். உன் பிழைப்பை உன் ஊரில் பார்த்துக்கொள் என்பதுதான் அதன் பச்சையான பொருள். ஆமோஸின் பதில் எபிரேயத்தில் 'லோ நாவி அனோகி'. தமிழைப் போலவே எபிரேயத்திலும் வினைச்சொல் இல்லாமல் வாக்கியம் முடியும். அதனால் 'நான் நாவி அல்ல' என்றும் படிக்கலாம், 'நான் நாவியாக இருந்ததில்லை' என்றும் படிக்கலாம். எந்தக் காலம் என்று முடிவுகட்ட இலக்கணம் உதவாது. தான் மந்தை மேய்ப்பவன், காட்டத்திப் பழத்தைப் பார்ப்பவன் என்று அவர் தொடர்கிறார். இதிலிருந்து அவரை ஏழை இடையனாகச் சித்திரிப்பது பிரசங்க மரபு. ஆனால் நூலின் முதல் வரியில் அவருக்கு வழங்கும் 'நோகேத்' என்ற சொல், 2 இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தில் பெரும் ஆட்டுமந்தைகளை உடைய மோவாப் அரசன் மேசாவுக்கும் வழங்குகிறது. காட்டத்தியோ தெக்கோவாவின் உயரத்தில் வளராது, தாழ்நிலத்து மரம். காயைக் கீறிவிட்டால்தான் ஒழுங்காகப் பழுக்கும். ஆகவே இரண்டு நிலப்பகுதிகளில் சொத்தோ தொழிலோ உடைய ஒருவர், 'இந்தப் பேச்சால் எனக்கு வயிறு வளர்க்க வேண்டியதில்லை' என்று சொல்கிறார் என்பது என் வாசிப்பு. எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

அதே இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில், காத்தேப்பேர் ஊரானாகிய யோனா, அரசன் எல்லைகளை மீட்பான் என்று நல்வாக்குச் சொன்னதாக 2 இராஜாக்கள் 14 கூறுகிறது, எல்லைகளும் மீண்டன. மீன் விழுங்கிய கதையின் யோனா இந்தப் பெயரைத்தான் சுமக்கிறார். ஒரே அரசன், இரண்டு தீர்க்கதரிசிகள், எதிரெதிர்ச் செய்திகள். அன்று பெத்தேலில் நின்ற ஒருவனுக்கு யோனாவே மெய்யானவராகத் தெரிந்திருப்பார்.

போராளிகளா என்ற பாதிக்கும் ஒரு வார்த்தை. அடகாக வாங்கிய ஆடைகளின்மேல் பலிபீடத்தருகே படுத்துக்கொள்கிறார்கள் என்று ஆமோஸ் 2ஆம் அதிகாரத்தில் ஒரு குற்றச்சாட்டு. இது கவிதைக்காகச் சொன்னது என்று நினைத்திருந்தவர்களுக்கு, 1960ல் யவ்னேயாம் கடற்கரைக்கு அருகில் ஒரு சிறு கோட்டையில் கிடைத்த ஓட்டுச்சில்லு பதில் சொன்னது. ஏழாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அறுவடைக்குப் போன கூலியாள் ஒருவன், தன் பங்கு வேலையை முடித்துத் தானியத்தை அளந்து சேர்த்த பிறகும் சோபாயின் மகன் ஓசாயா தன் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டான், கூட அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள், ஆடையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று கோட்டை அதிகாரியிடம் முறையிடுகிறான். பொழுது சாய்வதற்குள் அடகு ஆடையைத் திருப்பித் தர வேண்டும் என்பது யாத்திராகமத்தின் சட்டம். தீர்க்கதரிசிகள் புதிய நீதி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவரவில்லை. எல்லாருக்கும் தெரிந்த சட்டத்தை, அதை மீறுவதற்கு வசதி படைத்தவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். போராளி என்று நாம் இன்று சொல்லும்போது நினைப்பதைப்போல இயக்கமோ திட்டமோ அவர்களிடம் இருந்ததாகப் பிரதிகளில் தெரியவில்லை.

இனி நம்புவதா வேண்டாமா என்ற மையக் கேள்வி. எரேமியா 28ஆம் அதிகாரத்தை விட நேர்மையாக இதைக் காட்டும் பகுதி வேதாகமத்தில் வேறு இல்லை. கி.மு. 594 அல்லது 593. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் பாபிலோனியர் இளம் அரசன் யோயாக்கீனையும் ஆலயப் பாத்திரங்களையும் கொண்டுபோயிருந்தார்கள். பாபிலோனுக்குப் பணிந்திருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மர நுகத்தை மாட்டிக்கொண்டு திரிகிறார். கிபியோன் ஊரானாகிய அனனியா, ஆலயத்தில் ஆசாரியர்களும் சகல ஜனங்களும் பார்த்திருக்க, அவரை எதிர்கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்குள் பாத்திரங்களும் அரசனும் திரும்புவார்கள் என்று சேனைகளின் கர்த்தர் சொல்லுகிறார் என்கிறான். எரேமியா முதலில் 'ஆமென், அப்படியே ஆகட்டும்' என்கிறார். முன்னிருந்த தீர்க்கதரிசிகள் யுத்தத்தையும் பஞ்சத்தையுமே சொன்னார்கள், சமாதானம் சொல்கிறவனை அது நடந்த பிறகே நம்ப முடியும் என்று மட்டும் சேர்க்கிறார். அனனியா நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எரேமியா பதில் பேசாமல் தன் வழியே போய்விடுகிறார். மாணவர்களிடம் நான் இந்த வசனத்தில் நிறுத்தி, அந்த மாலை வீட்டுக்குப் போன ஒரு எருசலேம்வாசி யாரை நம்பியிருப்பான் என்று கேட்பது வழக்கம். எரேமியா என்று கை தூக்கியவர்கள் மிகச் சிலர்.

இருவருக்கும் ஒரே சூத்திரம், ஒரே தெய்வப் பெயர், ஒரே வகை அடையாளச் செயல். எபிரேயப் பிரதி அனனியாவைத் தொடர்ந்து 'நாவியாகிய அனனியா' என்றே அழைக்கிறது. பிற்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பாளருக்கு இது பொறுக்கவில்லை. அவர் தொடக்கத்திலேயே 'பொய்த் தீர்க்கதரிசி' என்று எழுதி வாசகனுக்கு விடையைச் சொல்லிவிட்டார். எபிரேயத்தில் அதற்கென்று தனிச்சொல்லே கிடையாது. உபாகமம் 18 தரும் அளவுகோல், சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்பது. நடந்து முடிந்த பிறகு பயன்படும் அளவுகோல் அது; முடிவெடுக்க வேண்டிய நாளில் கைகொடுக்காது. அனனியா அதே ஆண்டில் இறந்தான் என்று அதிகாரம் முடிகிறது. அவன் சொன்ன இரண்டு ஆண்டுகள் என்னவாயின என்பதற்கு வேறொரு சாட்சி இருக்கிறது: பாபிலோனில் தோண்டியெடுக்கப்பட்டு 1939ல் வெளியிடப்பட்ட பண்டகசாலைக் கணக்குப் பலகைகளில், கி.மு. 592ஆம் ஆண்டுக்குரிய பலகை, யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெயைக் குறித்து வைத்திருக்கிறது.

அப்படியானால் 'மெய்யான' தீர்க்கதரிசிகள் சொன்னதெல்லாம் நடந்ததா? இல்லை, வேதாகமமே அதை மறைக்கவில்லை. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் தீரு நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்குவான் என்று எசேக்கியேல் 26 சொல்கிறது. கி.மு. 571ஐக் குறிக்கும் தேதியோடு தொடங்கும் 29ஆம் அதிகாரத்துப் பகுதியோ, தீருவின் முற்றுகையில் அவனுடைய சேனைக்குத் தலை மொட்டையாகி, தோள் உரிந்ததுதான் மிச்சம், கூலி கிடைக்கவில்லை, அதற்கு ஈடாக எகிப்து கொடுக்கப்படும் என்கிறது. முன்வாக்கைத் திருத்தியெழுதாமல், அதை அப்படியே விட்டுப் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்திருக்கிறார்கள். யோசியா சமாதானத்தோடு கல்லறையில் சேர்வான் என்றாள் உல்தாள், அவன் கி.மு. 609ல் மெகிதோவில் எகிப்து அரசன் கையில் இறந்தான். அவளுடைய வாக்கு நூலில் அப்படியே இருக்கிறது. இதனால் ஒன்று தெளிவாகிறது: முன்கணிப்பின் துல்லியத்துக்காக மட்டும் இந்தப் பேச்சுகள் பாதுகாக்கப்படவில்லை. எச்சரிக்கை என்பது நடந்தே தீர வேண்டிய ஒன்றல்ல என்ற எண்ணமும் அவர்களிடம் இருந்தது. எருசலேமின் மலையான சீயோன் வயலைப்போல் உழப்படும் என்று மீகா சொன்னது எசேக்கியா அரசனின் காலத்தில் நடக்கவில்லை. மீகா பொய்யர் என்று யாரும் முடிவு கட்டவில்லை. அரசன் மனந்திரும்பினான், தீங்கு விலகியது என்று விளக்கினார்கள்.

ஏசாயா 7ஆம் அதிகாரத்தைக் குறித்து நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது கேட்பார்கள். கி.மு. 734 அளவில் சீரியாவும் வட இஸ்ரவேலும் சேர்ந்து நெருக்கியபோது, ஆகாஸ் அரசனுக்கு ஏசாயா சொன்ன அடையாளம் அது: ஒரு பிள்ளை பிறக்கும், அவன் நன்மை தீமை அறியுமுன் அந்த இரண்டு அரசர்களின் நிலம் பாழாகும். அங்கே வரும் 'அல்மா' என்ற சொல் இளம்பெண்ணைக் குறிக்கும். கிரேக்க மொழிபெயர்ப்பு கன்னி என்று பொருள்படும் சொல்லைப் போட்டது, மத்தேயு அந்தக் கிரேக்கத்தின் வழியாக இயேசுவின் பிறப்பை வாசித்தார். நானும் ஒரு கிறிஸ்தவன். அந்த வாசிப்பு என் விசுவாசத்தின் பகுதி. ஆனால் வகுப்பில் ஆகாஸின் நெருக்கடியை முதலில் சொல்லாமல் மத்தேயுவுக்குத் தாவ நான் யாரையும் விடுவதில்லை.

அரசர்கள் ஏன் விட்டுவைத்தார்கள் என்பதற்கு வருகிறேன். எப்போதும் விட்டுவைக்கவில்லை. கி.மு. 609ஐ ஒட்டி, யோயாக்கீம் அரசனானவுடன், ஆலயம் முன்பு அழிந்த வழிபாட்டிடமான சீலோவைப்போல் பாழாகும் என்று எரேமியா ஆலய முற்றத்திலேயே பேசினார். ஆசாரியர்களும் மற்றத் தீர்க்கதரிசிகளும் அவரைப் பிடித்து, இவன் சாக வேண்டும் என்றார்கள். பிரபுக்கள் வாசலில் உட்கார்ந்து விசாரித்தார்கள். அப்போது தேசத்து மூப்பரில் சிலர் எழுந்து, நூறாண்டு பழைய மீகாவின் வாக்கைப் பெயரோடும் சொல்லோடும் எடுத்துக்காட்டி, எசேக்கியா அவரைக் கொன்றானா என்று கேட்டார்கள். ஒரு தீர்க்கதரிசியின் சொற்களைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டும் மிக அரிய இடம் இது. எழுத்தில் இருந்ததா வாய்வழியாக இருந்ததா என்பது தெரியாவிட்டாலும், அந்தப் பேச்சு வழக்கில் முன்னுதாரணமாகக் காட்டும் அளவுக்கு அதிகாரம் பெற்றிருந்தது. அதே அதிகாரம் உடனே உரியா என்பவரைப் பற்றிச் சொல்கிறது. எரேமியாவைப் போலவே பேசினார், எகிப்துக்குத் தப்பினார், எல்னாத்தான் என்ற அதிகாரி ஆட்களோடு போய் அவரைப் பிடித்துவந்தார், அரசன் வெட்டிக் கொன்றான். எரேமியா தப்பியதற்கு அதிகாரம் சொல்லும் கடைசிக் காரணம், சாப்பானின் மகன் அகீக்காம் அவருக்குத் துணையாக இருந்தது.

இந்தச் சாப்பானின் குடும்பத்தைக் கவனியுங்கள். யோசியாவின் நாளில் ஆலயத்தில் கிடைத்த சட்டச் சுருளை அரசனுக்குப் படித்துக் காட்டிய எழுத்தர் சாப்பான். மகன் அகீக்காம் எரேமியாவைக் காப்பாற்றுகிறான். இன்னொரு மகன் கெமரியாவின் அறை ஆலயத்தின் மேல் முற்றத்தில் இருந்தது. பேரன் கெதலியாவை எருசலேம் வீழ்ந்த பிறகு பாபிலோனியர் அதிகாரியாக வைத்தார்கள். எரேமியாவின் குரல் நமக்குக் கிடைத்ததில் வானத்துக்கு எவ்வளவு பங்கோ, இந்த எழுத்தர் குடும்பத்துக்கும் கணிசமான பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். தீர்க்கதரிசி தனிமனிதர் என்ற படத்தை எரேமியா நூலின் 36ஆம் அதிகாரம் இன்னும் கலைக்கிறது. கி.மு. 604, ஒன்பதாம் மாதம், குளிர்காலம். எரேமியாவுக்கு ஆலயத்தில் நுழையத் தடை. அவர் சொல்லச் சொல்ல எழுதிய சுருளை அவருடைய எழுத்தர் பாருக்கு கெமரியாவின் அறையிலிருந்து ஜனங்களுக்குப் படிக்கிறார். ஜனங்கள் உபவாசத்துக்காகக் கூடியிருந்தார்கள். ஏன் உபவாசம் என்று அதிகாரம் சொல்லவில்லை. நேபுகாத்நேச்சார் அதே மாதத்தில் அஸ்கலோனைப் பிடித்ததாகப் பாபிலோனிய ஆண்டுக்குறிப்பைப் பெரும்பாலோர் வாசிக்கிறார்கள். எருசலேமிலிருந்து இரண்டு மூன்று நாள் நடை.

அதிகாரிகள் பாருக்கை அழைத்து இரண்டாம் முறை கேட்கிறார்கள். பிறகு அவர்கள் கேட்கும் கேள்வி ஓர் எழுத்தர் இன்னொரு எழுத்தரிடம் கேட்கும் கேள்வி: இதையெல்லாம் எப்படி எழுதினாய், அவர் வாய் சொல்லவா? ஆம், அவர் சொன்னார், நான் மையால் எழுதினேன் என்கிறார் பாருக்கு. நீயும் எரேமியாவும் போய் ஒளிந்துகொள்ளுங்கள் என்று எச்சரித்துவிட்டுத்தான் அவர்கள் அரசனிடம் போகிறார்கள். குளிர்கால மாளிகையில் அரசனுக்கு முன் கணப்பு எரிந்துகொண்டிருக்கிறது. யெகுதி என்பவன் படிக்கிறான். மூன்று நான்கு பத்தி படித்ததும், எழுத்தர் பயன்படுத்தும் சிறு கத்தியால் அதை அறுத்துக் கணப்பில் போடுகிறார்கள்; அடுத்த மூன்று நான்கு பத்தி, மறுபடி கத்தி. எரிக்க வேண்டாம் என்று கெஞ்சிய மூவரில் ஒருவர் கெமரியா. இன்னொருவர், உரியாவை எகிப்திலிருந்து பிடித்துவந்த அதே எல்னாத்தான். அவருக்கு இடையில் என்ன நேர்ந்தது என்று நூல் சொல்வதில்லை.

இந்தக் காட்சியோடு ஒட்டும் ஒரு பொருள் 1982ல் தாவீதின் நகரம் எனப்படும் எருசலேமின் பழைய மேட்டில் கிடைத்தது. பாபிலோனியர் கொளுத்திய ஒரு கட்டடத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட களிமண் முத்திரைகள். அவை கட்டியிருந்த ஆவணங்கள் எரிந்து போயின. அதே நெருப்பு களிமண்ணைச் சுட்டு நமக்காகக் காப்பாற்றியது. அவற்றில் ஒன்றில் 'சாப்பானின் மகன் கெமரியாவுக்கு உரியது' என்று இருக்கிறது. முறையான அகழாய்வில் கிடைத்தது என்பதால் போலி என்ற பேச்சுக்கு இடமில்லை, காலமும் பொருந்துகிறது, அந்தக் கெமரியாவேதான் என்று சத்தியம் செய்ய முடியாது என்றாலும் வாய்ப்பு மிக அதிகம். இணையத்தில் இதைவிடப் பிரபலமான வேறு இரண்டு முத்திரைகளைப் பார்த்திருப்பீர்கள். பாருக்கின் பெயருள்ளது பழம்பொருள் சந்தையில் கிடைத்தது, போலி என்பதே இன்று பலருடைய முடிவு. 2018ல் அறிவிக்கப்பட்ட ஏசாயாவின் முத்திரை அகழாய்வில் கிடைத்தது. ஆனால் பெயருக்குப் பிறகு வரும் சொல்லின் ஓரம் சிதைந்திருக்கிறது. நாவி என்று படிக்க ஓர் எழுத்து போதவில்லை. வெறும் தகப்பன் பெயராகவோ ஊர்ப்பெயராகவோகூட இருக்கலாம்.

தள்ளப்பட்ட பேச்சு வேதமானது எப்படி என்பதற்கு, 586ல் ஆலயம் எரிந்ததே பெரிய காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சமாதானம் சொன்னவர்களின் சுருள்களைப் பாதுகாக்க அதன் பிறகு யாருக்கும் காரணம் இருக்கவில்லை. ஆனால் தொகுப்பு ஒரே கையில் நடக்கவில்லை. யூத மரபு யோசுவா முதல் இராஜாக்கள் வரையுள்ள வரலாற்று நூல்களையும் 'நெவீம்', அதாவது தீர்க்கதரிசிகள் என்ற பகுதியில்தான் வைக்கிறது. அப்படியிருந்தும் இராஜாக்கள் நூல் ஆமோஸையோ மீகாவையோ எரேமியாவையோ ஒரு முறைகூடப் பெயர் சொல்வதில்லை. ஏசாயாவின் 40ஆம் அதிகாரத்துக்குப் பிறகு, எருசலேம் வீழ்ந்து கிடக்கிறது, பாரசீக அரசன் கோரேஸ் பெயரோடு வருகிறான். அந்தப் பகுதி எட்டாம் நூற்றாண்டு ஏசாயாவின் மரபில் நின்ற, கி.மு. 540ஐ ஒட்டிய வேறொருவருடையது என்று ஆய்வாளர்களில் மிகப் பெரும்பாலோர் சொல்கிறார்கள், நானும் அப்படியே கற்பிக்கிறேன். மரபுவழிச் சபைகள் பலவற்றுக்கு இது உடன்பாடில்லை.

எரேமியாவின் நூலே இரண்டு அளவில் இருக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பு எபிரேயத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது, அதிகாரங்களின் வரிசையும் வேறு. மொழிபெயர்ப்பாளர் சுருக்கிவிட்டார் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் நீண்ட வடிவத்தைச் சேர்ந்த எபிரேயத் துண்டுகளோடு குறுகிய வடிவத்தை ஒத்த எபிரேயத் துண்டும் கிடைத்த பிறகு, இரண்டுமே எபிரேயத்தில் புழங்கின என்பது தெரிந்தது. 36ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் இதை முன்பே ஒருவிதத்தில் சொல்லிவிட்டது: எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் கொடுத்தார், அரசன் எரித்ததிலிருந்த எல்லாவற்றையும் பாருக்கு மறுபடி எழுதினார், அவற்றைப் போன்ற இன்னும் அநேக வார்த்தைகளும் அதில் சேர்க்கப்பட்டன. சேர்த்தது யார் என்று எபிரேய வினை சொல்வதில்லை.